வி.பி.பி. முதல் பத்து நிமிடம் வரை

பழைய தமிழ் வார இதழ்களின் பின்பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் கண்ணில் ஒரு வரி அடிக்கடி படும். கூந்தல் தைலம், கைக்கடிகாரம், ஹார்மோனியம், ஜோதிடப் புத்தகம் என்று எந்தச் சரக்கின் விளம்பரமானாலும், அடியில் சிறிய எழுத்தில், வி.பி.பி. மூலம் அனுப்பப்படும் என்று அச்சிட்டிருப்பார்கள். வேண்டியவர் ஒரு தபால் கார்டில் தம் முகவரியை எழுதிப் போட்டால் போதும். பத்துப் பதினைந்து நாளில் தபால்காரர் பார்சலோடு வாசலில் நிற்பார். விலையையும் கமிஷனையும் அவரிடம் எண்ணிக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றால் நடக்காது. வேண்டாம் என்றால் பார்சல் வந்த வழியே திரும்பிவிடும். வாங்கிக்கொண்டால் அந்தப் பணம் மணியார்டராக விற்றவரைப் போய்ச் சேரும்.

வேல்யூ பேயபிள் போஸ்ட் என்ற இந்த ஏற்பாட்டை இந்திய அஞ்சல் துறை தொடங்கியது 1877-இல். விற்பவர் சென்னையில் இருப்பார், வாங்குபவர் சிவகங்கைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பணம் வருமா என்பது இவருக்குக் கவலை, பொருள் வருமா என்பது அவருக்குக் கவலை. இரண்டு கவலையையும் தன் தோளில் வாங்கிக்கொண்டு நடுவில் நின்றவர் காக்கிச் சட்டை போட்ட தபால்காரர். 1920-களில் இந்த வழியை நம்பித் தொழில் செய்த இளைஞர்களில் ஒருவர் எஸ்.எஸ். வாசன். விளம்பர ஏஜென்சியும் தபால் வழி வியாபாரமும் நடத்திவந்த அவர், 1928-இல் ஆனந்த விகடனை 200 ரூபாய்க்கு வாங்கினார் என்பது தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. பின்னாளில் அவர் நடத்திய ஜெமினி ஸ்டூடியோவுக்கும் எடுத்த சந்திரலேகா படத்துக்கும் வெகு முன்பே, முகம் தெரியாத வாசகரிடம் பொருளை விற்க அவருக்குத் தெரிந்திருந்தது.

மோசடியும் அன்றே உண்டு. கடிகாரம் கேட்டவருக்குச் செங்கல் துண்டு வந்த கதையைத் தாத்தாக்களிடம் கேட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். இன்று செல்போன் கேட்டவருக்குச் சோப்புக் கட்டி வந்ததாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். செங்கல் சோப்பாக மாறியிருக்கிறது. ஆனால் அன்று பணம் போனது போனதுதான். ஏமாந்தவர் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி ஓய்ந்துபோவார். இன்று 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். எல்லாப் புகாரும் அப்படித் தீர்ந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு ஓர் இடமும், சுட்டிக்காட்டுவதற்கு ஒரு விதியும் இருக்கின்றன.

ஜெஃப் பெசோஸ் 1994-இல் தொடங்கிய அமேசான், 1995 ஜூலையில் புத்தக விற்பனைக்குக் கதவைத் திறந்தது. அடுத்த மாதம், 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே ஒரு மாதம்தான் இடைவெளி என்றாலும், அமெரிக்காவில் நடந்தது இங்கே நடக்க ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1999-இல் கே. வைத்தீஸ்வரனும் நண்பர்களும் பெங்களூரில் ஃபேப்மார்ட்டைத் தொடங்கியபோது, கணினி இருந்த வீடுகள் குறைவு, இணைப்பு இருந்த வீடுகள் அதைவிடக் குறைவு, கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களோ அந்தக் கார்டின் எண்ணைத் திரையில் தட்டப் பயந்தார்கள். அந்தப் பயத்தை ஓரளவு போக்கியது ரயில்வே. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் வந்தது. அன்று ஆன்லைனில் முன்பதிவு செய்தால் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். எழும்பூரில் விடியற்காலை வரிசையில் நின்று பழகியவர்களுக்கு அதுவே பெரிய விடுதலை. ஃபேப்மார்ட் பின்னர் இந்தியாபிளாசா என்று பெயர் மாறி 2013-இல் மூடப்பட்டது. அந்த முதல் குழுவிலிருந்து பிரிந்த ஹரி மேனன் உள்ளிட்டவர்கள் 2011-இல் தொடங்கிய பிக்பாஸ்கெட் நிலைத்தது.

இந்த வணிகம் இங்கே நிலைத்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன். அமேசானில் வேலை பார்த்த சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் 2007-இல் பெங்களூர் கோரமங்கலாவில் ஒரு குடியிருப்பில் நான்கு லட்ச ரூபாயோடு தொடங்கிய ஃபிளிப்கார்ட்டும் முதலில் புத்தகம்தான் விற்றது. முதலில் கார்டைத்தான் கேட்டது. 2010-இல், பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகுதான் தேனியும் திருவாரூரும் ஆர்டர் போடத் தொடங்கின. கேஷ் ஆன் டெலிவரி என்று புதுப் பெயரில் வந்தது 1877-இன் வி.பி.பி.யேதான். ஊர் மக்களுக்கு அந்த முறை தெரிந்திருந்தது. வாசலில் வைத்துப் பணம் வாங்கும் மனிதரை அவர்கள் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள்.

இன்னொன்றையும் தபால் துறையிடமிருந்தே இந்த வணிகம் எடுத்துக்கொண்டது. 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்க பின்கோடு, கையெழுத்துப் புரியாத கடிதங்களையும் ஒரே பெயரில் இருக்கும் ஊர்களையும் பிரித்தறிவதற்காக வந்தது. இன்று எந்த ஆப்பைத் திறந்தாலும் முதல் கேள்வி அந்த ஆறு இலக்கம்தான். அந்த எண் இல்லாமல் ஒரு பெட்டியும் கிடங்கை விட்டு நகராது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தபால் நிலையங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து நடந்து போட்டுவைத்த பாதையில்தான் தனியார் வண்டிகள் வேகமாக ஓடுகின்றன. அந்த நன்றியை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

தபாலில் வந்தது எப்போதாவது வாங்கும் பொருள். தினசரி வாங்குவதற்குத் தெருமுனையில் அண்ணாச்சி கடை இருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையின் ஒவ்வொரு தெருவிலும் கடை போட்டவர்களின் கல்லாவில் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ‘ஸ்கூல் வாத்தியார் வீடு’, ‘மாடி வீட்டம்மா’ என்று தலைப்பு. கீழே துவரம்பருப்பு அரைக் கிலோ, நல்லெண்ணெய் கால் லிட்டர், தீப்பெட்டி இரண்டு. சம்பளம் வந்த வாரம் மொத்தமாக அடைப்பார்கள். அடைக்க முடியாத மாதம் பாதி அடைப்பார்கள்; மீதி அடுத்த பக்கத்துக்கு ஏறும். வட்டி கிடையாது. விலையில் அஞ்சு பத்து காசு கூட இருக்கலாம், அது இருவருக்கும் தெரியும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பது அந்த நோட்டில் ரொட்டியும் ஹார்லிக்ஸும் ஏறுவதிலிருந்தே கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு.

இன்று கடன் கொடுப்பதும் ஆப்தான். இப்போது வாங்கு, பிறகு கொடு என்று அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. தேதி தவறினால் அபராதம். தொடர்ந்து தவறினால் சிபில் மதிப்பெண் குறையும். நாலு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி மேலாளர் அதை எடுத்துக் காட்டுவார். பாதி அடைத்துவிட்டு, மீதியை அடுத்த மாதம் தருகிறேன் அண்ணாச்சி என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கொசுறு மட்டும் விசித்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது. 2024-இல் ஒரு வாடிக்கையாளரின் தாயார் கொத்தமல்லிக்குத் தனியாகக் காசு கொடுப்பதைக் கண்டு திகைத்ததை மகன் இணையத்தில் எழுத, பிளிங்கிட் நிறுவனம் குறிப்பிட்ட அளவு காய்கறி வாங்குபவர்களுக்கு இலவசக் கொத்தமல்லியைத் தன் ஆப்பில் சேர்த்தது. உரிமையோடு கேட்டு வாங்கியது இன்று ஒரு சலுகை அறிவிப்பு.

ஆனால் அந்தத் தெருக்கடையை நினைத்து உருகுபவர்கள், அங்கே யாருக்குக் கடன் கிடைத்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நோட்டில் பக்கம் கிடைத்தது தெரிந்த குடும்பங்களுக்கு. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. கிராமத்துக் கடைகளில் நிலைமை இன்னும் மோசம். சேரியிலிருந்து வந்தவர் தள்ளி நின்று காசை வைத்துவிட்டுச் சரக்கை வாங்கிப்போன காலம் வெகு தொலைவில் இல்லை. தெரிந்த முகம் என்பதில் அன்பு இருந்தது, அளவெடுப்பும் இருந்தது. ஆப்புக்கு முகம் தெரியாது. பின்கோடு ஒன்றென்றால் விலையும் ஒன்று, பெட்டியும் ஒன்று. சாதி கேட்காத கடை என்பது நம் ஊரில் சிறிய சங்கதி அல்ல.

பெண்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். சானிட்டரி நாப்கின் கேட்டால் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பையில் போட்டுத் தருவார்; அதுவரை அந்தப் பெண் கடையோரம், ஆண்கள் போகட்டும் என்று காத்து நிற்பாள். உள்ளாடை வாங்க வேண்டுமானால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் ஓர் ஆண். அளவைச் சொல்லக் கூச்சப்பட்டு, கையில் கிடைத்ததை வாங்கி வந்து, பொருந்தாமல் உடுத்திக் காலம் தள்ளிய அம்மாக்களின் தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்களுடைய மகள்கள் அறந்தாங்கியில் உட்கார்ந்து, அளவு அட்டவணை பார்த்து, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே மின்வணிகத்துக்குப் பல குறைகளை மன்னிக்கலாம்.

திருப்பி அனுப்புவது என்பதே புதிது. ஜவுளிக்கடை ரசீதின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏழு நாள் ரிட்டர்ன் என்பது நம்ப முடியாத சலுகை. பிறகு சட்டமும் அந்தப் பக்கம் வந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அது குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதை நேர்மையற்ற வணிகம் என்று வரையறுத்தது.

விற்பவர் பக்கம் என்ன ஆனது என்று பார்க்க இளம்பிள்ளை நல்ல இடம். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் தறிச் சத்தம் பழையது. அன்று நெய்தவரிடமிருந்து சேலை மாஸ்டர் வீவருக்குப் போகும். அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கு. அங்கிருந்து ஈரோட்டுச் சந்தை வழியாகவோ நேராகவோ ஊர் ஊராக உள்ள ஜவுளிக்கடைக்கு. ஒவ்வொரு கையிலும் விலை கொஞ்சம் ஏறும். நெய்தவருக்குத் தன் சேலையை யார் உடுத்தினார் என்று தெரியாது. உடுத்தியவருக்கு யார் நெய்தார் என்று தெரியாது.

இன்று அதே ஊரில் ஒரு வீட்டின் முன்னறை கடையாகியிருக்கிறது. சுவரில் வெள்ளைத் துணி, எதிரே வட்ட விளக்கு, நடுவில் ஸ்டாண்டில் செல்போன். ஒரு பெண் சேலையைப் பிரித்து முந்தியைக் காட்டி, பார்டரைக் காட்டி, பிளவுஸ் துணி கூடவே இருக்கிறது என்று சொல்லி வீடியோ எடுக்கிறார். ‘ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க சிஸ்டர், ரீசெல்லர்ஸும் வரலாம்.’ பணம் ஜி-பேயில் முதலிலேயே வந்துவிட வேண்டும். இங்கே கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. மாலையில் பார்சல்கள் கூரியர் ஆபீஸுக்குப் போகும். ஓப்பனிங் வீடியோ கட்டாயம், இல்லாவிட்டால் டேமேஜ் ஏற்க மாட்டோம் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. வாங்கியவர் பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் படம் எடுத்து அனுப்பினால்தான் கிழிசல் புகார் செல்லும். அன்று பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டச் சொன்னது வி.பி.பி.; இன்று பிரிப்பதையே சாட்சியாகப் பதிவுசெய்யச் சொல்கிறார்கள்.

இப்படி விற்கும் பெண்களில் பலருக்குச் சொந்தக் கடை, முன்பணம், பகடி எதுவும் இல்லை. சரக்கைக் கையில் வைத்திருக்காமலே, படத்தைத் தன் குழுக்களில் பகிர்ந்து, சேலைக்கு ஐம்பதோ நூறோ வைத்து விற்கும் ரீசெல்லர்களும் இருக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய மீஷோ இந்தப் பழக்கத்தைக் கண்டுகொண்டு அதையே தன் தொழிலாக்கி வளர்ந்தது. முன்பு தளங்களில் விற்க விரும்பும் யாரும், எவ்வளவு சின்ன வியாபாரியானாலும், ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு அதில் விலக்கு கிடைத்தது. வீட்டை விட்டு வெளியே வர அனுமதியில்லாத ஒரு பெண் வீட்டுக்குள் இருந்தபடியே மாதம் சில ஆயிரம் சம்பாதிப்பதை, அந்தச் சில ஆயிரத்தின் மதிப்பு தெரிந்தவர்கள் அலட்சியப்படுத்த மாட்டார்கள்.

போனது விரலின் அறிவு. ஜவுளிக்கடையில் பாட்டி சேலையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்து, இது கைத்தறி இல்லை என்று சொல்லிவிடுவார். செல்போன் திரையில் விசைத்தறியும் கைத்தறியும் ஒன்றுபோலத்தான் மின்னுகின்றன. காஞ்சிபுரம் என்ற பெயரோடு அறுநூறு ரூபாய்க்கு வருவது செயற்கை இழைதான். ஆனால் படத்தில் அது தெரியாது. அசல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கைத்தறிக்கு 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது, 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்று ஆன்லைனிலும் விற்கிறது. இருந்தும் தேடலில் முதலில் வருவது விலை குறைந்ததுதான். நெசவாளர் பக்கத்து ஊர் நெசவாளரோடு போட்டி போட்டது அன்று. சூரத்து மில்லோடு ஒரே திரையில், ஒரே வரிசையில் நின்று போட்டி போடுவது இன்று.

பெரிய பணம் வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய பிக் பில்லியன் டே விற்பனையில் பத்து மணி நேரத்தில் சுமார் 600 கோடி ரூபாய்க்குப் பொருள் விற்றது. தளம் திணறி, மறுநாள் நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 2013-இல் வந்த அமேசான் கிடங்குகளாகக் கட்டிக் குவித்தது. 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. நாலு லட்ச ரூபாயில் தொடங்கியது பதினோரு ஆண்டுகளில் போய்ச் சேர்ந்த இடம் அது. 2016-இல் செப்டம்பரில் ஜியோவும் நவம்பரில் பணமதிப்பிழப்பும் வந்தன. அதே ஆண்டு பிறந்த யு.பி.ஐ., 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. வாசலில் பணம் எண்ணுவது அதனால் பாதி நின்றுபோனது.

வணிகர் சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தில் எழுப்பும் குறை நியாயமானது. நஷ்டத்தைத் தாங்க வெளியிலிருந்து பணம் வரும் ஒருவரோடு, அன்றாடக் கல்லாவை நம்பி இருக்கும் ஒருவர் விலையில் போட்டி போட முடியாது. அந்நிய முதலீடு பெற்ற தளங்கள் பிறர் விற்கும் சந்தையாக மட்டுமே இருக்கலாம், தாமே சரக்கு வைத்து விற்கக் கூடாது என்பது விதி. தங்கள் பங்கு இருக்கும் கம்பெனியின் சரக்கைத் தங்கள் தளத்தில் விற்கக் கூடாது என்று 2019 பிப்ரவரியிலிருந்து அந்த விதி இறுக்கப்பட்டது. சட்டம் வந்த பிறகும் தெருவில் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அதே தெருதான் 2020 மார்ச் 25-க்குப் பிறகு ஊரடங்கில் நமக்குச் சோறு போட்டது. ஆப்கள் ஸ்லாட் இல்லை என்று சொன்ன அந்த முதல் நாட்களில், பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து அரிசியும் பருப்பும் எடுத்துக் கொடுத்தவர் அண்ணாச்சி. அந்த மாதங்களில்தான் பல வீடுகள் ஆப்புக்கு மாறின என்பது அவருக்கு நேர்ந்த அநீதி.

எனக்கு இந்த மாற்றத்தில் மிகவும் உறுத்துவது கடையும் அல்ல, விலையும் அல்ல. நடுவில் நிற்கும் அந்த மனிதர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்தவர் அவர்தான். அவருடைய நிலைதான் தலைகீழாக மாறியிருக்கிறது.

தபால்காரர் அரசு ஊழியர். சம்பளக் கமிஷன் அவருக்கும் சேர்த்துத்தான் ஊதியம் நிர்ணயித்தது. சீருடை, விடுப்பு, மருத்துவ வசதி, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதிய முறை மாறினாலும் வேலைக்கு உத்தரவாதம் மாறவில்லை. கிராமங்களில் ஈ.டி. என்று அழைக்கப்பட்டு இப்போது கிராமின் டாக் சேவக் எனப்படுபவர்களுக்கு இந்த முழு உரிமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். எப்படியானாலும் அவர் யாருடைய ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மழையில் தபால் நனைந்தால் துறை பதில் சொல்லும். தெருவில் அவருக்குப் பெயர் இருந்தது. பொங்கலுக்கு ஒரு துண்டும் காசும் கொடுத்த வீடுகள் இருந்தன.

இன்று வாசலில் நிற்பவருக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர் டெலிவரி பார்ட்னர், அதாவது கூட்டாளி. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, செல்போனும் டேட்டாவும் அவருடையவை, கீழே விழுந்தால் கால் அவருடையது. ஆர்டருக்கு இவ்வளவு, இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று கணக்கு. அந்தக் கணக்கு எப்போது மாறும் என்பது ஆப்புக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் புகார் கொடுத்தால், விசாரணைக்கு முன்பே ஐ.டி. பிளாக் ஆகிவிடும். ஐ.டி. பிளாக் ஆனால் அன்றைக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்க மேலதிகாரி என்று ஒருவரும் இல்லை, சாட்பாக்ஸ்தான் இருக்கிறது. சில அடுக்குமாடிகளில் அவருக்குத் தனி லிஃப்ட். கதவைத் திறக்கிறோம், ஓ.டி.பி. சொல்கிறோம், பையை வாங்குகிறோம், கதவை மூடுகிறோம். முகம் நினைவில் இருக்காது. நாளை வேறொருவர் வருவார்.

அவர் தரப்பிலிருந்தும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஓரிரு நாளில் வேலை கிடைக்கிறது. சிபாரிசு வேண்டாம், டெபாசிட் வேண்டாம், என்ன சாதி என்று கேள்வி இல்லை. வாரா வாரம் பணம் கணக்கில் விழுகிறது. கல்லூரிக் கட்டணத்துக்காக மாலையில் மட்டும் ஓட்டும் மாணவரும், வேலை போன ஐடிக்காரரும், பகலில் ஓரிடம் வேலை பார்த்துவிட்டு இரவில் ஓட்டும் குடும்பத் தலைவரும் இதில் இருக்கிறார்கள். அன்று தபால்காரர் வேலைக்குத் தேர்வு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு கதவு இருக்கவில்லை. அந்தக் கதவை மூடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் பத்து நிமிடம் என்ற வாக்குறுதிக்கு நான் எதிரி. ஜெப்டோ 2021-இல் அதைத் தன் அடையாளமாக்கியது. குரோஃபர்ஸ் அதே ஆண்டு இறுதியில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே பந்தயத்தில் இறங்கியது. ஸ்விகியின் இன்ஸ்டாமார்ட்டும் சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் சிறு கிடங்கு இருப்பதால்தான் வேகம் சாத்தியம், ஓட்டுநர் வேகமாக ஓட்டத் தேவையில்லை என்பது நிறுவனங்களின் விளக்கம். அண்ணா சாலை சிக்னலில் மே மாத வெயிலில் முதுகில் பெட்டியோடு செல்போன் திரையைக் குனிந்து பார்க்கும் இளைஞரிடம் அந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. பதினைந்து நாள் காத்திருந்து வி.பி.பி.யில் கடிகாரம் வாங்கியவருடைய பேரன், பன்னிரண்டாவது நிமிடம் ஆனதும் தக்காளிக்காகக் குறைந்த நட்சத்திரம் கொடுக்கிறான். மருந்தைத் தவிர, பத்து நிமிடத்தில் வந்தே தீர வேண்டிய பொருள் ஒரு வீட்டில் அநேகமாக இல்லை.

நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் நாட்டில் இப்படிப்பட்ட தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-இல் 2.35 கோடி பேர் ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. சட்டம் மெதுவாக இவர்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஐந்தாண்டுகள் கிடப்பில் கிடந்து 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி தளங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதத்துக்கு மிகாமல், இவர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும். தமிழ்நாடு அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில், வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. சென்னை மாநகராட்சி இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை கட்டத் தொடங்கியது. இவையெல்லாம் போதாது. ஆனால் தபால்காரருக்குக் கிடைத்ததும் ஒரே நாளில் கிடைத்தது அல்ல. சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, ஒவ்வொன்றாகப் பெற்றது.

வாரியத்தின் உதவி, பதிந்தவர்களுக்குத்தான். வாரியம் ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். அடுத்த முறை உங்கள் வாசலில் பையோடு நிற்பவரிடம் ஓ.டி.பி.யைச் சொன்ன பிறகு, ‘தம்பி, நல வாரியத்துல பதிஞ்சுட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பதியலாம் என்று சொல்லுங்கள்.